போட்டிசெல்லியின் 'மறைபொருள் பிறப்பு': ஓர் ஓவிய வாசிப்பு

இத்தாலிய மறுமலர்ச்சிக் கால ஓவியர் சாந்த்ரோ போட்டிசெல்லி (சுமார் 1445–1510) வரைந்த கிறிஸ்து பிறப்புக் காட்சி ஒன்று 'மறைபொருள் பிறப்பு' என்ற பெயரில் அறியப்படுகிறது. இது இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. கித்தான் துணியில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது, உயரம் 108.6 செ.மீ., அகலம் 74.9 செ.மீ. போட்டிசெல்லி தம் பெயரையும் ஆண்டையும் எழுதி, இன்று நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே ஓவியம் இதுதான். 'வசந்தம்', 'வீனஸின் பிறப்பு' ஆகிய ஓவியங்களின் வழியாக அவரை அறிந்தவர்கள் இதை முதன்முறை பார்க்கும்போது வேறு யாரோ வரைந்தது என்று எண்ணக்கூடும். உருவங்களின் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தூரமும் அண்மையும் குழம்பிக் கிடக்கின்றன. மேலே கிரேக்க எழுத்துகள். கீழே பாறை இடுக்குகளில் பேய்கள்.

'மறைபொருள்' என்ற அடைமொழி ஓவியர் இட்டதன்று. பிற்காலத்தார் சூட்டிய இப்பெயர் ஓவியத்துக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்திருக்கிறது. பூட்டிய பெட்டி ஒன்று இருப்பதாகவும், அதற்கான சாவியை அறிஞர்கள் வைத்திருப்பதாகவும் பார்ப்பவர் நினைத்துக்கொள்கிறார். இணையத்தில் இந்த ஓவியத்தைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பல, வெள்ளை என்றால் இது, ஒலிவக் கிளை என்றால் அது என்று அகராதிபோலப் பட்டியலிட்டு முடிந்துவிடுகின்றன. அந்தச் செய்திகள் தேவைதான். ஆனால் எழுத்தைப் படித்துவிட்டு ஓவியத்தைப் பார்ப்பதா, ஓவியத்தைப் பார்த்துவிட்டு எழுத்துக்குப் போவதா என்பதைப் பொறுத்து இந்தப் படம் இரண்டு வேறு படங்களாக மாறுகிறது. இக்கட்டுரை இரண்டாவது வழியைப் பின்பற்றுகிறது.

ஓவியத்தில் காணப்படுவன

படத்தின் உச்சியில் வானம் பொன்னிறக் குவிமாடம்போலத் திறந்திருக்கிறது. அதன் அடியில் பன்னிரண்டு வானதூதர்கள் வட்டமிட்டு ஆடுகின்றனர். அவர்கள் ஏந்தியிருக்கும் ஒலிவக் கிளைகளிலிருந்து மணிமுடிகளும் எழுத்துகள் கொண்ட சுருள் நாடாக்களும் தொங்குகின்றன. அவர்களது ஆடைகள் காற்றில் விரியும் விதத்தில் மட்டும் 'வசந்தம்' ஓவியத்தில் ஆடும் மூன்று பெண்களை வரைந்த கை இதுவே என்பது புலப்படுகிறது.

நடுவில் வைக்கோல் வேய்ந்த கூரை. அதன்மேல் வெள்ளை, சிவப்பு, பச்சை உடைகளில் மூன்று வானதூதர்கள் மண்டியிட்டிருக்கின்றனர். மரத்தண்டுகள் தாங்கும் அந்தக் கூரைக்குப் பின்னால் ஒரு பாறைக் குகை. குகையின் மறுபுறத்தில் ஒரு சோலை தெரிகிறது. கூரையின் அடியில் மரியா மண்டியிட்டுக் கைகூப்பியிருக்கிறார். வெள்ளைத் துணியில் கிடக்கும் குழந்தை தாயை நோக்கிக் கைகால்களை அசைக்கிறது. எருதும் கழுதையும் அருகில் நிற்கின்றன. சூசை முகத்தைக் கைகளுக்குள் புதைத்துச் சுருண்டு அமர்ந்திருக்கிறார். இடப்புறம் ஞானியர் மூவர், வலப்புறம் இடையர்கள்; இரு சாராருக்கும் ஒரு வானதூதர் குழந்தையைச் சுட்டிக்காட்டுகிறார்.

கீழே, புல்லும் பாறையுமான முன்தளத்தில், மூன்று மனிதர்களை மூன்று வானதூதர்கள் இறுகத் தழுவி முத்தமிடுகின்றனர். அவர்களின் காலடியைச் சுற்றிச் சிறிய பேய்கள் நிலத்தின் வெடிப்புகளுக்குள் ஓடி ஒளிகின்றன. சில பேய்கள் தாம் ஏந்திவந்த ஆயுதங்களிலேயே குத்துண்டு கிடக்கின்றன.

இவற்றுள் பாதி, அக்கால வழக்கத்திலிருந்து வந்தவை. எருதும் கழுதையும் லூக்கா நற்செய்தியில் இல்லை. எசாயா இறைவாக்கினரின் முதல் அதிகாரத்தில் வரும் ஒரு வரியிலிருந்து பிற்காலத்தார் அவற்றைத் தொழுவத்துக்கு அழைத்து வந்தனர். இடையர்களைப் பற்றி லூக்கா மட்டும் சொல்கிறார், ஞானியரைப் பற்றி மத்தேயு மட்டும் சொல்கிறார். ஓவியர்கள் இரு கதைகளையும் ஒரே இரவில் சேர்த்துவிட்டனர். படுத்திருந்த மரியா எழுந்து மண்டியிட்டது, 14ஆம் நூற்றாண்டில் சுவீடனைச் சேர்ந்த புனித பிரிஜித்தா பெத்லகேமில் தாம் கண்டதாகச் சொன்ன காட்சியின் தாக்கம். குகை கிழக்கத்திய, அதாவது பைசாந்திய வழக்கம். கூரை மேற்கத்திய வழக்கம். போட்டிசெல்லி இரண்டையும் ஒட்டவைத்திருக்கிறார். குகை கல்லறையையும், வெள்ளைத் துணி பிணத்தைச் சுற்றும் துணியையும் நினைவூட்டுவதாகச் சொல்வதும் அன்றைய பக்தி மரபுக்கு உட்பட்டதே.

சூசையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. இந்தக் காலத்துப் பிறப்புக் காட்சிகளில் அவர் பெரும்பாலும் ஓரத்தில் தூங்குகிறார் அல்லது கவலையோடு உட்கார்ந்திருக்கிறார். நிகழ்வின் மையத்தில் அவருக்கு வேலை இல்லை. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் இதே இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், தமிழில் அவரையே காப்பியத் தலைவனாக்கி 'தேம்பாவணி' பாடினார். இடைப்பட்ட காலத்தில் கத்தோலிக்க பக்தியில் சூசையின் இடம் எவ்வளவு உயர்ந்தது என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் உணரலாம்.

வழக்கத்தில் இல்லாத பாதிதான் இந்த ஓவியத்தைத் தனித்து நிறுத்துகிறது: ஆடும் பன்னிருவர், தழுவும் மூன்று இணைகள், ஓடும் பேய்கள், மேலே உள்ள எழுத்துகள். குறிப்பாக, கிறிஸ்து பிறந்த காட்சியில் வானதூதர்கள் மனிதரைக் கட்டித் தழுவுவது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதது.

கிரேக்க வரிகள்

படத்தின் மேல் விளிம்பில் உள்ள கிரேக்க வாசகத்தின் பொருளைச் சுருக்கமாக இவ்வாறு சொல்லலாம். 1500ஆம் ஆண்டின் இறுதியில், இத்தாலியின் துன்ப காலத்தில், அலெசாந்த்ரோ ஆகிய தான் இந்தப் படத்தை வரைந்ததாக ஓவியர் கூறுகிறார். அந்தக் காலத்தை 'காலத்துக்குப் பிந்திய அரைக் காலம்' என்று குறிக்கிறார். யோவானின் பதினோராம் அதிகாரம் சொல்கிறபடி, திருவெளிப்பாட்டின் இரண்டாம் கேட்டில், சாத்தான் மூன்றரை ஆண்டுகள் அவிழ்த்துவிடப்பட்டிருக்கும் வேளை அது. பின்னர் பன்னிரண்டாம் அதிகாரத்தின்படி அவன் கட்டப்படுவான். இந்தப் படத்தில் உள்ளதுபோல அவனைக் காண்போம் என்று வாசகம் முடிகிறது. இறுதிப் பகுதி சிதைந்துள்ளது.

சாந்த்ரோ என்பது அலெசாந்த்ரோவின் சுருக்கம். ஆண்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. புளோரன்ஸில் புத்தாண்டு ஜனவரி 1இல் தொடங்கவில்லை. கபிரியேல் தூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன நாளான மார்ச் 25இல் தொடங்கியது. எனவே 1500இன் இறுதி என்பது நம் கணக்கில் 1501இன் தொடக்க மாதங்களாகும். பல நூல்களில் 1500 என்றும் சிலவற்றில் 1501 என்றும் இருப்பதற்கு இதுவே காரணம்.

திருவெளிப்பாடு 11ஆம் அதிகாரத்தில் இரண்டு சாட்சிகள் 1260 நாள்கள் இறைவாக்கு உரைக்கின்றனர், பின்பு கொல்லப்படுகின்றனர், அவர்களின் உடல்கள் மூன்றரை நாள்கள் நகரத் தெருவில் கிடக்கின்றன, அதன்பின் உயிர்பெற்று எழுகின்றனர். 12ஆம் அதிகாரத்தில் கதிரவனை ஆடையாக உடுத்து, பன்னிரு விண்மீன்களை முடியாகச் சூடிய பெண் ஒருத்தி குழந்தை பெறுகிறாள். அந்தக் குழந்தையை விழுங்கக் காத்திருந்த அரக்கப் பாம்பு விண்ணிலிருந்து தள்ளப்படுகிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. சாத்தான் சங்கிலியால் கட்டப்படுவது 12ஆம் அதிகாரத்தில் அல்ல, 20ஆம் அதிகாரத்தில். 12ஆம் அதிகாரத்தில் அவன் மண்ணுலகுக்குத் தள்ளப்படுகிறான். மண்ணுலகுக்கு அது நற்செய்தியே அல்ல. ஓவியர் தவறாக நினைவுகூர்ந்தாரா, அல்லது அன்றைய போதகர்கள் பல அதிகாரங்களைச் சேர்த்துப் பேசியதை அப்படியே எடுத்துக்கொண்டாரா என்பது விவாதத்துக்கு உரியது. எனக்குப் பின்னதே பொருத்தமாகப் படுகிறது. வேதத்தைக் காதால் கேட்டுப் பழகியவரின் மேற்கோள்போலத்தான் இது ஒலிக்கிறது.

'காலத்துக்குப் பிந்திய அரைக் காலம்' என்பதற்கும் ஒரே பொருள் இல்லை. ஒரு காலம் ஆயிரம் ஆண்டு என்றால் அரைக் காலம் ஐந்நூறு. கிறிஸ்து பிறந்து ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு ஆயிற்று என்பது ஒரு விளக்கம். ஒரு காலம் ஓராண்டு என்றால் அது மூன்றரை ஆண்டுகளுக்குள் ஒரு புள்ளி. மூன்றரை ஆண்டுகளை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? 1498 மே மாதத்திலிருந்து எண்ணினால் 1501 நவம்பரில் முடிகிறது. அந்த மே மாதம் ஏன் முக்கியமானது என்பதை அறிய, புளோரன்ஸின் கதையைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

எரிந்த நகரம்

1494இல் பிரான்சின் எட்டாம் சார்லஸ் மன்னர் படையோடு இத்தாலிக்குள் நுழைந்தார். புளோரன்ஸை ஆண்டுவந்த மெடிச்சி குடும்பம் விரட்டப்பட்டது. புளோரன்ஸின் பிடியிலிருந்து பீசா நகரம் விலகியது; அதை மீட்கும் போர் 1509 வரை நீண்டது. இந்தக் குழப்பத்தில் நகரத்தின் குரலாக எழுந்தவர் சான் மார்க்கோ மடத்தின் தலைவரான தொமினிக்கன் துறவி ஜிரோலாமோ சவோனரோலா. தண்டனை வருகிறது என்று அவர் முன்பே போதித்துவந்தார். பிரெஞ்சுப் படை வந்ததும் மக்கள் அவரை இறைவாக்கினர் என்றே நம்பினர். கிறிஸ்துவே புளோரன்ஸின் அரசர் என்றார். 1497 பிப்ரவரி 7இல் அணிகலன்கள், முகமூடிகள், நூல்கள், ஓவியங்கள் முதலியவை நகரச் சதுக்கத்தில் குவித்து எரிக்கப்பட்டன. போட்டிசெல்லி தம் ஓவியங்களை அந்தத் தீயில் போட்டதாக அடிக்கடி எழுதப்படுகிறது. அதற்குச் சமகாலச் சான்று எதுவும் இல்லை.

போப் ஆறாம் அலெக்சாண்டர் 1497இல் சவோனரோலாவைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். அடுத்த ஆண்டு நகரமும் அவரைக் கைவிட்டது. 1498 மே 23இல் அவரும் உடனிருந்த இரு துறவிகளும் சதுக்கத்தில் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டனர்.

போட்டிசெல்லி சவோனரோலாவின் ஆளாக மாறி, ஓவியத்தையே விட்டுவிட்டு வறுமையில் வாடினார் என்று வசாரி தம் ஓவியர் வரலாற்று நூலில் எழுதினார். இரண்டாவது பகுதி பொய் என்பதற்கு இந்த ஓவியமே சாட்சி; சவோனரோலா இறந்து இரண்டரை ஆண்டுக்கும் மேல் கழித்து வரையப்பட்டது இது. முதல் பகுதியை அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது. ஓவியரின் அண்ணன் சிமோனே சவோனரோலாவின் தீவிரப் பற்றாளர், நாட்குறிப்பு எழுதிவந்தார். 1499 நவம்பரில் தம்பியின் பட்டறையில் நடந்த ஓர் உரையாடலை அவர் பதிவுசெய்திருக்கிறார். சவோனரோலாவை எதிர்த்த இளைஞர் கூட்டத்தின் தலைவரான தோஃபோ ஸ்பினி அங்கே வந்திருந்தார். விசாரணையில் பங்குகொண்டவர் அவர். அந்தத் துறவியிடம் என்ன குற்றம் கண்டீர்கள் என்று சாந்த்ரோ அவரிடம் கேட்டார். சாகும்படியான குற்றம் எதையும் காணவில்லை என்ற பொருளில் ஸ்பினி பதில் சொன்னார்.

இந்தக் குறிப்பில் கவனிக்க வேண்டியது போட்டிசெல்லியின் இடம். கொன்ற அணியின் தலைவர் அவர் பட்டறையில் சாவகாசமாக உட்கார்ந்து பேசுகிறார். கொல்லப்பட்டவரின் பக்தர் அதைத் தம்பி சொல்லக் கேட்டு எழுதிவைக்கிறார். ஓவியர் நடுவில் இருந்துகொண்டு கேள்வி கேட்கிறார். ஒரு கட்சியின் ஓவியர் என்று அவரை முத்திரை குத்துவது கடினம். ஆனால் அந்த மரணம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை என்பதில் ஐயமில்லை.

சுருள்களில் உள்ள சொற்கள்

1995இல் கலை வரலாற்றாசிரியர் ராப் ஹாட்ஃபீல்ட் வெளியிட்ட ஆய்வு இந்த ஓவியத்தைப் பற்றிய விவாதத்தில் ஒரு திருப்பம். பன்னிரு வானதூதர்களின் நாடாக்களில் மங்கிப்போயிருந்த சொற்கள், மரியாவின் பன்னிரு சிறப்புகளைக் கூறும் துதிகள் என்றும், அவை சவோனரோலாவின் போதனையிலிருந்து வந்தவை என்றும் அவர் காட்டினார். சவோனரோலா தம் தரிசன நூலில் மரியாவுக்குச் சூட்டும் ஒரு மணிமுடியை விவரித்திருந்தார். இதனோடு சேர்த்துப் பார்க்கும்போது மேலே தொங்கும் முடிகளும், பன்னிரண்டு என்ற எண்ணும், 12ஆம் அதிகாரத்துப் பெண்ணின் பன்னிரு விண்மீன்களும் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன. தொழுவத்தில் மண்டியிட்டிருக்கும் பெண்ணும் அரக்கப் பாம்பு துரத்திய பெண்ணும் ஒருவரே.

தழுவும் இணைகளுக்கும் ஒரு வேர் காட்டப்பட்டிருக்கிறது. இரக்கமும் உண்மையும் சந்திக்கின்றன, நீதியும் அமைதியும் முத்தமிடுகின்றன, உண்மை நிலத்திலிருந்து முளைக்கிறது என்ற கருத்து 85ஆம் திருப்பாடலில் வருகிறது. கிறிஸ்து பிறப்போடு தொடர்புபடுத்திப் போதகர்கள் விரும்பிப் பேசிய பகுதி அது. கீழே தழுவப்படும் மூன்று மனிதர் யார் என்ற கேள்விக்கு, எரிக்கப்பட்ட மூன்று துறவிகளே என்று ஒரு பழைய வாசிப்பு பதில் சொல்கிறது. எண்ணிக்கை பொருந்துகிறது என்பதைத் தவிர அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. துறவிகளின் உடையும் இல்லை, தூக்குக் கயிறும் இல்லை, தீயும் இல்லை. தலையில் இலைமுடி சூடிய, சாதாரண உடை அணிந்த மூன்று மனிதர் மட்டுமே இருக்கின்றனர். அவர்கள் அருகில் உள்ள நாடாக்களில், நல்மனத்தோருக்கு அமைதி என்று இடையர்களுக்குச் சொல்லப்பட்ட வாழ்த்து இலத்தீனில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வாழ்த்து எல்லாருக்கும் உரியது. அதை மூவருக்கு மட்டும் என்று குறுக்குவது ஓவியத்தின் பரப்பையே குறுக்கிவிடும்.

ஹாட்ஃபீல்டின் கண்டுபிடிப்பை ஏற்றுக்கொண்டே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓவியத்தின் சொற்கள் சவோனரோலாவுடையவையாக இருக்கலாம். அதன் மனநிலை அவருடையதன்று. அவரது உரைகளில் வாள் உண்டு, பஞ்சம் உண்டு, கொள்ளைநோய் உண்டு. இந்தப் படத்தில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. நரகத்துக்குப் போகும் மனிதர் ஒருவரும் இல்லை. போகிறவை பேய்கள் மட்டுமே. அவற்றையும் யாரும் துரத்தவில்லை. மனிதரும் வானதூதரும் தழுவிக்கொள்வதைப் பார்க்கப் பொறுக்காமல் அவை தாமாகவே ஓடுகின்றன.

ஓவியத்தில் இல்லாதவை

இந்த ஓவியத்தைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி, போட்டிசெல்லியே சுமார் 25 ஆண்டுகளுக்கு முன் வரைந்த 'ஞானியரின் வணக்கம்' ஓவியத்தை அருகில் வைத்துப் பார்ப்பது. காஸ்பாரே தெல் லாமா என்பவர் சாந்தா மரியா நொவெல்லா கோவிலில் இருந்த தம் பீடத்துக்காக வரையச் சொன்னது அது. இன்று புளோரன்ஸின் உஃபீசி கூடத்தில் இருக்கிறது. அதில் குழந்தையின் பாதத்தருகே மண்டியிடும் முதல் ஞானி மெடிச்சி குடும்பத்து மூத்தவர் கோசிமோ. மற்ற இருவரும் அவருடைய மகன்கள் என்று கருதப்படுகின்றனர். சுற்றிலும் நகரத்துச் செல்வர்கள், விலையுயர்ந்த துணிகள், பெருமிதமான நிற்றல். வலது ஓரத்தில் மஞ்சள் மேலாடை போர்த்து நம்மைத் திரும்பிப் பார்க்கும் இளைஞர் போட்டிசெல்லியே என்பது பொதுவான கருத்து. குழந்தையைப் பார்க்க வந்த கூட்டம் அது என்பதைவிட, குழந்தையோடு சேர்த்துத் தங்களைப் பார்க்கச் சொல்லும் கூட்டம் அது என்று சொல்லலாம்.

இப்போது இலண்டன் ஓவியத்தின் இடப்புறத்தைப் பாருங்கள். ஞானியர் மூவரிடம் பொன் இல்லை, தூபம் இல்லை, வெள்ளைப்போளம் இல்லை. அரச முடி இல்லை. தலையில் இலைகள் மட்டும். ஒட்டகமும் குதிரையும் பணியாளரும் இல்லை. வலப்புறத்து இடையர்களுக்கும் இவர்களுக்கும் உடையில்கூடப் பெரிய வேறுபாடு இல்லை. எந்த முகமும் புளோரன்ஸில் அடையாளம் காணத்தக்க முகம் அன்று. படத்துக்குப் பணம் கொடுத்தவர் எங்கும் மண்டியிடவில்லை. அவர் பெயரும் இன்றுவரை தெரியவில்லை.

இத்தனை விடுபடல்களும் தற்செயலாக நிகழ்ந்திருக்க முடியாது. ஞானியரின் செல்வ ஊர்வலம் புளோரன்ஸ் மக்களுக்கு வெறும் வேதக் கதை அல்ல. மெடிச்சி குடும்பத்தார் ஞானியர் பெயரால் அமைந்த பக்தசபையின் முக்கிய உறுப்பினர்கள்; அவர்களின் மாளிகைச் சிற்றாலயச் சுவர் முழுவதும் பெனோத்சோ கொத்சோலி வரைந்த ஞானியர் ஊர்வலம். கைகளை வெறுமையாக்கிய ஞானியரை 1501இல் வரைவது, அந்த ஊர்வலத்தில் தானும் ஒருகாலத்தில் நடந்ததை அறிந்த ஒருவர் செய்த காரியம். சவோனரோலாவும் கன்னி மரியாவை ஆடம்பரமாக அலங்கரித்து வரையும் ஓவியர்களைக் கண்டித்துப் பேசியவர். இங்கே மரியா எளிய சிவப்பு உடையும் நீல மேலாடையும் அணிந்திருக்கிறார்.

அளவு என்னும் சிக்கல்

மரியா எழுந்து நின்றால் கூரை இடிக்கும். குழந்தையும் பிறந்த குழந்தையின் அளவில் இல்லை. முன்தளத்தில் தழுவும் மனிதர்கள் நமக்கு அருகில் இருந்தும் தொலைவில் இருக்கும் மரியாவைவிடச் சிறியவர்கள். தொலைநோக்கு முறையைக் கணக்கோடு விளக்கும் நூலை அல்பெர்த்தி 1435இலேயே எழுதிவிட்டார். போட்டிசெல்லிக்கு அது நன்றாகத் தெரியும். மேலே சொன்ன உஃபீசி ஓவியத்தில் இடிந்த சுவர்களும் மனிதர்களும் சரியான தொலைவில்தான் நிற்கின்றனர்.

எனவே இது திறமையின் குறை அன்று. முக்கியமானவரைப் பெரிதாகவும் மற்றவரைச் சிறிதாகவும் வரையும் இடைக்கால வழக்கத்துக்கு அவர் தெரிந்தே திரும்பியிருக்கிறார். மறுமலர்ச்சிக் கலையை முன்னோக்கிய ஒரே ஏற்றமாகச் சொல்லும் பாடநூல்களுக்கு இது இடைஞ்சல். லியொனார்தோ அதே ஆண்டுகளில் புளோரன்ஸுக்குத் திரும்பியிருந்தார். மைக்கலாஞ்சலோ 1501இல் தாவீது சிலையைத் தொடங்கினார். அவர்களோடு ஒப்பிட்டு, போட்டிசெல்லி காலத்தால் பின்தங்கினார் என்பார்கள். எனக்கு இந்த வாதம் நிறைவளிப்பதில்லை. தொலைநோக்கு முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: பார்ப்பவர் ஓர் இடத்தில், ஒரு கணத்தில் நிற்க வேண்டும். இந்த ஓவியத்தில் பெத்லகேமின் இரவும், 1501இன் புளோரன்ஸும், உலக முடிவும் ஒரே தளத்தில் நிகழ்கின்றன. அதை ஒரு சன்னல் வழியாகக் காட்ட முடியாது. வேண்டுமானால் ஒரு குறையை ஒப்புக்கொள்ளலாம். வலப்புறத்து இடையர் கூட்டம் நெருக்கியடித்து, உடல்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரியாமல் கிடக்கிறது. அங்கே பழைய வழக்கமும் கைகொடுக்கவில்லை.

தழுவல்

படத்தின் நேர் நடுவில் குழந்தை இருக்கிறது. ஆனாலும் கண் மீண்டும் மீண்டும் கீழே போகிறது. மேலே உள்ள வானதூதர்கள் ஆடுகின்றனர், கூரைமேல் உள்ளவர்கள் துதிக்கின்றனர், பக்கத்தில் உள்ளவர்கள் வழி காட்டுகின்றனர். இவையெல்லாம் வானதூதர்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகள். கீழே உள்ளவர்கள் மட்டுமே மனித உடலைத் தொடுகின்றனர். முழங்கை வளைந்து முதுகைச் சுற்றுகிறது; கன்னம் கன்னத்தோடு ஒட்டுகிறது; நெடுநாள் பிரிந்திருந்தவர் சந்திக்கும் அவசரம் உடலின் சாய்வில் தெரிகிறது. பிரெஞ்சுப் படை, பீசாப் போர், ஒரே தெருவில் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்த அண்டை வீட்டார் ஆகியவற்றைக் கண்ட நகரத்தில் இதைவிட அரிய காட்சி இருந்திருக்க முடியாது. பட்டறையில் ஸ்பினியோடு நடந்த அந்த உரையாடலை நினைத்துக்கொண்டு இந்த மூன்று இணைகளைப் பார்த்தால், கிரேக்க வரிகள் சொல்லும் 'துன்பம்' என்ன என்பது விளங்கும்.

ஒலிவக் கிளைகள் படம் முழுவதும் பரவியிருப்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ஒலிவம் அமைதியின் குறி என்பது எல்லாரும் அறிந்தது. ஆனால் திருவெளிப்பாடு 11ஆம் அதிகாரம் கொல்லப்படும் இரு சாட்சிகளையும் ஒலிவ மரங்கள் என்றே அழைக்கிறது. வாசகத்தில் அந்த அதிகாரத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர் அதை அறியாமல் இருந்திருக்க மாட்டார். அப்படியானால் ஞானியரும் இடையரும் தழுவப்படும் மனிதரும் சூடியிருக்கும் இலைகளில் அமைதியோடு கொலையுண்ட சாட்சிகளின் நினைவும் இருக்கிறது. இது என் ஊகம். மூன்று துறவிகளை மூன்று மனிதர்களாக அடையாளம் காண்பதைவிட இது ஓவியத்துக்கு இசைவானது என்று கருதுகிறேன்.

வாசகம் ஏன் கிரேக்கத்தில்? அதிகாரிகளிடமிருந்து மறைக்க என்பது ஒரு விடை. மறைக்க விரும்பியவர் எழுதாமலே விட்டிருக்கலாம். திருவெளிப்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்ட நூல். அதன் மொழியிலேயே பதில் எழுதியிருக்கிறார் என்பது இன்னொரு விடை. மொழிநடையில் பிழைகள் உண்டு. போட்டிசெல்லிக்கு யாராவது உதவியிருக்க வேண்டும். மரப்பலகைக்குப் பதிலாகக் கித்தானில் வரைந்தது, சுருட்டி ஒளித்துவைக்கவோ எடுத்துச்செல்லவோ வசதியாக இருந்திருக்கலாம். எப்படியானாலும், கோவில் பீடத்தில் ஊரார் பார்க்க வைத்த படமாக இது தோன்றவில்லை. ஒருவர் வீட்டில், நெருங்கி நின்று, நீண்ட நேரம் பார்ப்பதற்கானது.

நிறைவேறாத நாள்

1501 நவம்பர் வந்து போனது. அதற்குமுன் அதே ஆண்டு கோடையின் தொடக்கத்தில் போப்பின் மகன் சீசர் போர்ஜா படையோடு புளோரன்ஸ் எல்லைக்குள் புகுந்து நகரத்திடம் பேரம் பேசினார். சாத்தான் கட்டப்படவில்லை. 1512இல் மெடிச்சி குடும்பம் திரும்பிவந்தது. போட்டிசெல்லி அதைப் பார்க்கவில்லை. 1510 மே மாதம் இறந்த அவர், தாம் வளர்ந்த பகுதியிலேயே ஒஞ்ஞிசாந்தி கோவிலில் அடக்கம் செய்யப்பட்டார்.

கணக்குத் தவறிய பிறகு வாசகத்தை அழித்துவிட்டு, படத்தைச் சாதாரணக் கிறிஸ்து பிறப்புக் காட்சியாக வைத்துக்கொண்டிருக்கலாம். மேல் விளிம்பில் சிறிது வண்ணம் பூசினால் போதும். ஓவியரோ உரிமையாளரோ அதைச் செய்யவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உரோமையில் அல்தோபிரந்தீனி மாளிகையில் இருந்த இதை, போட்டிசெல்லியை ஏறக்குறைய எல்லாரும் மறந்திருந்த காலத்தில், வில்லியம் யங் ஓட்லி என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் வாங்கினார். 1878இல் தேசிய ஓவியக்கூடம் பெற்றுக்கொண்டது. அங்கே இந்தப் படத்தின் முன் நிற்பவர்கள் முதலில் மேலே உள்ள எழுத்துகளைக் கண்ணைச் சுருக்கிப் படிக்க முயல்கின்றனர். படிக்க முடியாமல் கண்ணைக் கீழே இறக்கும்போது, ஒரு வானதூதரின் கைகளில் சாய்ந்திருக்கும் மனிதர் எதிர்ப்படுகிறார்.